சோழவரம் போன பிறகு எங்கள் மலை ரோடு

"அண்ணே, எழுபது கொண்டை ஊசியையும் எத்தனை நிமிஷத்துல ஏறலாம்?"

கொல்லிமலைக்காரன் என்று தெரிந்ததும் நகரத்துத் தம்பிகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இப்போதெல்லாம் இதுதான். முன்பெல்லாம் ஆகாயகங்கையில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பார்கள். பலாப்பழம் எப்போது வரும், மலை மிளகு கிலோ என்ன விலை, அறப்பளீஸ்வரர் கோயில் நடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்பார்கள். இப்போது நிமிஷக் கணக்கு. "பஸ் எவ்வளவு நேரத்துல ஏறுதோ, அவ்வளவு நேரம் ஆகும் தம்பி" என்று சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்வதில்லை.

ஒரு ரோட்டை நிமிஷத்தால் அளக்க ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பெயர் பந்தயம். அதில் எதிராளி பக்கத்து வண்டியாக இருக்க வேண்டும் என்று இல்லை. போன வாரம் வந்த இன்னொருவர் எடுத்த நேரமே போதும். கையில் செல்போன் இருக்கிறது, ஹெல்மெட்டில் கேமரா இருக்கிறது.

காரவள்ளியில் தொடங்கி சோளக்காடு வரை ஏறும் இந்த ரோட்டில் யார் போகிறார்கள் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிய பிக்கப் வண்டிகள். குச்சிக்கிழங்கு லோடு. குட்டியானையில் பின்பக்கம் நின்றபடி கூலி வேலைக்குப் போகிற பெண்கள். காலேஜுக்குக் கீழே போய் வருகிற பிள்ளைகள். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தபடி வருகிற பாட்டிகள். பிரசவ வலியோடு இறங்குகிற 108. செம்மேட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய கேஸ் என்றால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கித்தான் ஆக வேண்டும். முள்ளுக்குறிச்சி பக்கம் இன்னொரு பாதை இருக்கிறது. என்றாலும் நாமக்கல் பக்கம் போகிறவர்களுக்கு இந்த எழுபது வளைவுதான் வாசல்.

மலை ரோட்டுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிடும். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்து, மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். பஸ் திரும்பும்போது ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழி இல்லை. ஏறின கியரிலேயே இறங்கு என்பது எங்கள் ஊரில் வண்டி பழகும் பையனுக்கு முதல் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையில் லைனர் காய்ந்து தீய்ந்த வாசம் வரும். இதெல்லாம் சட்டப் புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டது அல்ல, ஒரே ரோட்டில் எல்லோரும் பிழைக்க வேண்டுமே என்று வந்த பழக்கம். எதிரே வருகிறவனும் இந்த மரியாதை தெரிந்தவன் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் ஒவ்வொரு வளைவையும் திரும்புகிறோம். சனி, ஞாயிறு காலையில் அந்த நம்பிக்கை இல்லை. கீழே அடிவாரத்தில் சைலன்சர் கத்துவது மேலே களத்தில் சாமை புடைக்கிறவள் காதில் விழும். உடனே ரோட்டோரம் கட்டியிருக்கிற ஆட்டை அவிழ்த்து உள்ளே இழுத்துக் கட்டுவாள்.

இதைப் படித்துவிட்டு, இவர் வேகத்துக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் நாமக்கல் மாவட்டத்துக்காரன். லாரியும் ரிக் வண்டியும் முட்டையும் எங்கள் மாவட்டத்தின் அடையாளம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு டிரைவரோ மெக்கானிக்கோ இருப்பான். என் சித்தப்பா நாமக்கல் லாரியில் கல்கத்தா லைன் ஓட்டியவர். மெட்ராஸ் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம், அடுத்து சோழவரம். பிப்ரவரி மாசத்தில் அந்தப் பக்கம் லோடு அமைந்தால் லாரியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போவாராம். "ஏரோப்ளேன் ஓடுற எடத்துல கார ஓட்டுவானுங்கடா, கண்ணுக்குள்ள நிக்காது, காதுக்குள்ளதான் நிக்கும்" என்பார். மோட்டார் பந்தயம் என்றாலே எனக்கு இன்றைக்கும் அவர் குரலில்தான் சத்தம் கேட்கிறது.

சோழவரம் என்றால் இன்றைய சென்னைக்காரர்களுக்கு ஏரி ஞாபகம் வரும், குடிநீர் ஞாபகம் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ரேஸ் என்பார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய விமானத்தளம் அது. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, நீளமான ஓடுதளம் மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தது. 1980-களின் கடைசி வரை இந்திய மோட்டார் பந்தயத்துக்குத் தலைவாசல் என்றால் சோழவரம்தான்.

அங்கே என்னென்ன ஓடியது என்று கேட்டால் அந்தக் கால இந்திய மோட்டார் தொழிலே வரிசையில் வந்து நிற்கும். ஃபியட், அம்பாசிடர், மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பைக்கில் எஸ்டி, ராஜ்தூத், என்ஃபீல்டு. பிறகு 80-களில் ஜப்பான் கூட்டுத் தயாரிப்பு 100 சிசி வண்டிகள் வந்து எல்லாவற்றையும் மாற்றின. டி.வி.எஸ். கம்பெனி தனக்கென்று ரேஸ் அணியை 1982-ல் ஆரம்பித்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். சோழவரம் இருப்பது வட சென்னைக்கு மேலே. திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், கொஞ்சம் தள்ளி அம்பத்தூர், ஆவடி, பாடி. லேத்தில் நின்று கைவேலை தெரிந்த ஆட்கள் அந்த வட்டாரம் முழுக்க இருந்தார்கள். வெளிநாட்டு உதிரிப்பாகம் இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. பிஸ்டனைத் தேய்ப்பதும், சைலன்சரை வெட்டி ஒட்டுவதும், பாரத்தைக் குறைக்க ஸீட்டைக் கழற்றி எறிவதும் எல்லாம் உள்ளூர்க் கை. ஓட்டியவர்கள் பெயர்தான் பேப்பரில் வந்தது, வண்டியைத் தயார் செய்த மெக்கானிக் பெயர் வரவில்லை. எங்கள் தொழிலிலும் அப்படித்தான், மிளகுப் பொட்டலத்தின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

பணக்காரர் விளையாட்டுதான், அதில் சந்தேகம் இல்லை. மகாராஜா வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். விஜய் மல்லையா எண்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். ஆனால் வேடிக்கை பார்க்க வந்த ஆயிரக்கணக்கான ஜனம் பணக்காரர் இல்லை. சித்தப்பா சொன்னதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது, கட்டுச்சோற்றோடு குடும்பம் குடும்பமாக வந்து துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றித்தான். வேகத்தைப் பார்க்க ஓர் இடம் இருந்தது. பார்த்துவிட்டு ராத்திரி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.

கோயம்புத்தூர் கரிவரதன் அந்தக் காலத்து ஆள்தான். மில் குடும்பத்தில் பிறந்தவர். தான் ஓட்டியதோடு நிற்காமல், அடுத்தவன் ஓட்டுவதற்கும் வண்டி செய்தவர். மாருதி 800 எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை ஸீட் ரேஸ் கார் கட்டி, ஃபார்முலா மாருதி என்று ஒரு வகையையே உண்டாக்கினார். கடைவீதிக்குப் போகிற காரின் எஞ்சினை வைத்து இந்தியாவில் செய்துவிட முடியும் என்று அவர் காட்டியதால்தான் அடுத்த தலைமுறைக்கு வழி திறந்தது. நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் இரண்டாவதாகப் போன கருண் சந்தோக், மெட்ராஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன். இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர் இரண்டே பேர், இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அதற்கான விதை விழுந்த நிலம் சோழவரம் என்று சொன்னால் மிகை இல்லை. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

விமானம் இறங்கிய இடத்தில் கார் ஓட்டியது நம் ஊர் யோசனை மட்டும் இல்லை. போருக்குப் பிறகு உலகம் முழுக்க இதுதான் நடந்தது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்று இன்று எல்லோரும் வியக்கிற டிராக், குண்டு போடும் விமானங்களின் தளமாக இருந்தது. 1947-ல் ஒரு பத்துப் பன்னிரண்டு கூட்டாளிகள் யாரிடமும் கேட்காமல் கைவிடப்பட்ட அந்தத் தளத்துக்குள் புகுந்து ரேஸ் விட்டார்கள். ஒரு கார், மேய்ந்துகொண்டிருந்த செம்மறி ஆட்டின் மேல் மோதியது. ஆடும் போச்சு, காரும் போச்சு. அந்தப் பந்தயத்துக்கு இன்றுவரை ஆட்டுக்கறி கிராண்ட் பிரீ என்றுதான் பெயர். மறுவருஷமே அதே இடத்தில் வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய் டிரம்களையும் வைத்து முறையான பந்தயம் நடந்தது. 1950 மே 13-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் போட்டியின் முதல் பந்தயம் அங்கேதான். அமெரிக்காவில் செப்ரிங்கும் இதே மாதிரி ஒரு ராணுவ விமானத்தளம்தான். நம் நாட்டில் கல்கத்தா பக்கம் பாரக்பூர், பம்பாயில் ஜூஹு. போருக்குப் போட்ட சிமெண்டு விளையாட்டுக்கு உதவியது. அதே இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. 1907-ல் பந்தயத்துக்கென்றே கட்டிய புரூக்லேண்ட்ஸ் டிராக்கை 1939-ல் மூடி விமானம் செய்கிற இடமாக ஆக்கிவிட்டார்கள். அங்கே அதற்குப் பிறகு ரேஸ் திரும்பி வரவே இல்லை.

சில்வர்ஸ்டோன் நிலைத்தது, சோழவரம் நிலைக்கவில்லை. விவசாயி கண்ணுக்கு இதில் ஒரு காரணம் பளிச்சென்று தெரிகிறது. சோழவரம் கிளப்புக்குச் சொந்த இடம் இல்லை. குத்தகை நிலத்தில் எவன் கிணறு வெட்டுவான்? எவன் தென்னை வைப்பான்? ஒரு போக வெள்ளாமை எடுத்துவிட்டு வெளியேறுகிற இடத்தில் வேலிகூடப் போட மாட்டோம். கூட்டம் பெருகப் பெருக, வண்டிகளின் வேகம் கூடக் கூட, பார்வையாளருக்குத் தடுப்பும் வளைவுக்கு மணல் ஒதுக்கமும் மருத்துவ வசதியும் நிரந்தரமாக வேண்டும். அடுத்தவர் இடத்தில் இதை எப்படிக் கட்டுவது? அதனால் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி 3.7 கிலோமீட்டர் டிராக் போட்டது. 1990-ல் அங்கே பந்தயம் தொடங்கியது. புத்திசாலித்தனமான வேலை. 1998-ல் பக்கத்திலேயே ஹூண்டாய் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு அந்த வட்டாரத்தில் நிலம் வாங்கி டிராக் போடு என்றால் எந்தக் கிளப்பாலும் முடியாது.

பந்தயக்காரர்களுக்கு நல்ல இடம் கிடைத்தது. வேடிக்கை பார்த்த ஜனத்துக்கு என்ன ஆனது? எனக்குத் தெரிந்து சோழவரத்தின் திருவிழாக் கூட்டம் அப்படியே இடம் மாறிப் போகவில்லை. டிவி வந்தது, கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கியது. டிராக்கில் இன்றும் பந்தயம் நடக்கிறது, ஆனால் பக்கத்து ஊர்க்காரனுக்கே அது தெரிவதில்லை. அதே காலத்தில் இன்னொன்று நடந்தது. முன்பு மகாராஜா மகனிடம் மட்டும் இருந்த வேகம் மாசத் தவணையில் எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்தது. இன்று கடையில் வாங்குகிற சாதாரண 200 சிசி பைக், சோழவரத்தில் கோப்பை வாங்கிய பல வண்டிகளைவிட வேகமாகப் போகும். வண்டி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, ஓட்டிப் பார்க்கும் களம் மட்டும் வேலிக்குள் போய்விட்டது. சோழவரத்தை மூடியதால்தான் இந்தப் பையன்கள் கொல்லிமலைக்கு வருகிறார்கள் என்று நேர்கோடு போட மாட்டேன். அவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் இந்த ஆசைக்கு ஓர் இடம் இருந்தது, அது போன பிறகு வேறு இடத்தை யாரும் திறந்துவிடவில்லை என்பது உண்மை.

பந்தயத்தை ஏன் ரோட்டிலிருந்து பிரித்தார்கள் என்பதை இந்தப் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் எல்லாப் பந்தயமும் ஊர் விட்டு ஊர் போகிற ரோட்டில்தான். 1903-ல் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை ஒரு பந்தயம் விட்டார்கள். ஓட்டியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் வழியெல்லாம் செத்து விழுந்தார்கள். ரெனோ கார் கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் போய்ச் சேர்ந்தார். போர்டோ நகரத்தோடு பந்தயத்தை நிறுத்திவிட்டது அரசாங்கம். இத்தாலியில் மில்லே மில்லியா என்று ஆயிரம் மைல் பந்தயம், கிராமங்களுக்கு நடுவே ஓடும். 1957-ல் குயிதிட்ஸோலோ என்ற ஊர் அருகே ஒரு ஃபெராரி காரின் டயர் வெடித்து ரோட்டோரத்தில் நின்ற ஜனத்துக்குள் பாய்ந்தது. ஓட்டிய இருவரோடு ஒன்பது பார்வையாளர்கள் செத்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதோடு அந்தப் பந்தயத்துக்கு மூடுவிழா. ஓட்டுகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான், அது அவன் இஷ்டம். ரோட்டோரத்தில் நின்ற குழந்தையிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

அப்படியென்றால் ஊருக்கு ஊர் டிராக் கட்டிவிடலாமா என்றால், அங்கேயும் விவசாயி வயிற்றில் நெருப்பு உண்டு. டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் புத்தா சர்க்யூட் என்று 5 கிலோமீட்டருக்கு மேல் நீளத்தில் கட்டினார்கள். 2011, 2012, 2013 என்று மூன்றே வருஷம் ஃபார்முலா ஒன் ஓடியது. பிறகு, அது விளையாட்டா கேளிக்கையா, எவ்வளவு வரி என்ற சண்டையில் நின்றுபோனது. அதே யமுனா விரைவுச்சாலை வட்டாரத்தில் நிலம் எடுப்பதை எதிர்த்து 2011 மே மாதம் பட்டா பர்சோல் கிராமத்தில் விவசாயிகள் போராடியபோது துப்பாக்கிச் சூடு வரை போய் உயிர்கள் போயின. 2023-ல் ஒருமுறை மோட்டோ ஜிபி பைக் பந்தயம் நடந்ததைத் தவிர, உலகத்தரத்து ஓட்டம் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. விளைநிலத்தை வாங்கி மூன்று வருஷ வேடிக்கைக்குக் கொடுத்த கதை அது. அந்த வழி வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்தினார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணம் அதில் போக வேண்டுமா என்று பலர் கேட்டார்கள், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். ரோட்டை அடைத்து, இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி எல்லாம் செய்த பிறகும், சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் சான்று வரத் தாமதமானதால் முதல் நாள் ஓட்டம் தள்ளிப்போனது. அத்தனை ஏற்பாடு செய்த இடத்திலேயே ஒரு காகிதம் வராமல் வண்டி நகரவில்லை. இங்கே எழுபது வளைவில், எதிரே பஸ் வரும் ரோட்டில், ஒரு காகிதமும் இல்லாமல் ஓடுகிறது.

நகரத்து நண்பர்கள் என்னிடம் ஒரு குறை சொல்வார்கள். "கிராமத்துல ரோட்டுல சோளத்தையும் கேழ்வரகையும் கொட்டிக் காயவைக்கிறீங்க, பைக் வழுக்குது." நியாயமான குறை. ஆனால் ஏன் ரோட்டில் கொட்டுகிறார்கள்? உலர்களம் இல்லை. எந்த ஊரில் சிமெண்டுக் களம் கட்டிக் கொடுத்தார்களோ அந்த ஊரில் தானியம் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. போலீஸ் வந்து விரட்டியதால் இறங்கவில்லை. உங்கள் பையன்களுக்கும் அதேதான். உலர்களம் இல்லாதவன் தானியத்தை ரோட்டில் கொட்டுகிறான், ஓடுகளம் இல்லாதவன் வண்டியை ரோட்டில் விரட்டுகிறான். என்ன ஒன்று, எங்கள் கேழ்வரகு யார் மேலும் மோதுவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது ரோட்டில் அரசு அனுமதி இல்லாமல் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை சட்டத்தை மீறி ஓட்டினால் பெற்றோர் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் 2019 திருத்தத்தில் வந்துவிட்டன. ஆனால் தனியாக வந்து செல்போனில் நேரம் பார்க்கிறவனை எந்த வளைவில் நின்று, எந்தப் பிரிவில் பிடிப்பது? அபராதத்தால் மட்டும் இது தீராது.

என் யோசனையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சோழவரம் மாதிரி போர்க்கால விமானத்தளங்கள் இன்னும் இருக்கின்றன. உளுந்தூர்ப்பேட்டையில் இருக்கிறது, கயத்தாறில் இருக்கிறது, செட்டிநாட்டில் இருக்கிறது. விமான நிலையம் வரப்போகிறது என்று அவ்வப்போது பேச்சு வரும், பிறகு அடங்கும். அதில் ஏதாவது ஒன்றை மாசத்துக்கு இரண்டு ஞாயிறு, முறையாகக் காசு வாங்கி, டாக்டரும் ஆம்புலன்ஸும் நிறுத்தி, இந்தப் பையன்களுக்குத் திறந்துவிடலாமே. ஒரு ஏக்கர் விளைநிலத்தைக்கூட எடுக்க வேண்டியதில்லை. வைக்கோல் கட்டு வேண்டுமென்றால் சொல்லுங்கள், விவசாயிகளுக்கும் ஒரு வியாபாரம். இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய்ப் பணம் கட்டி ஓட்டுகிற நாட்கள் உண்டு. அதையாவது பெற்றோர்கள் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று லட்சத்துக்குப் பைக் வாங்கிக் கொடுத்தவர்கள் அந்தக் கட்டணத்துக்கு யோசிக்காதீர்கள்.

மலையில்தான் ஓட்டுவேன் என்கிறவர்களுக்கும் உலகத்தில் வழி இருக்கிறது. அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்ற மலை ரோட்டில் 156 வளைவுகள், சுமார் 20 கிலோமீட்டர். 1916 முதல் பந்தயம் நடக்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, ரோட்டை முழுசாக அடைத்து, ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். மற்ற நாளில் அது சுற்றுலா ரோடு. கொல்லிமலையிலும் அப்படி நடத்தலாமே என்று ஒரு தம்பி கேட்டார். ஒரு நாள் முழுக்க இந்த ரோட்டை அடைத்தால் சந்தைக்குப் போகும் அன்னாசி என்ன ஆகும், அவசரத்துக்கு இறங்குகிறவர் எந்தப் பக்கம் போவார் என்று ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஊர் சரி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை.

"சுற்றுலா வந்தால் உங்களுக்குத்தானே வருமானம்" என்பதும் உண்மைதான். டீக்கடை நடக்கிறது, தங்கும் விடுதி நடக்கிறது, பலாச்சுளை விற்கிற பாட்டிக்கு நாலு காசு வருகிறது. ஆடி பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா சமயத்தில் எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள், நாங்கள் முகம் சுளித்தது உண்டா? ஆனால் நிமிஷம் எண்ணிக்கொண்டு ஏறுகிறவன் டீ குடிக்க நிற்பதில்லை. மேலே வந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் இறங்கிவிடுகிறான். காசு கொடுக்கிறவர்கள் குடும்பத்தோடு மெதுவாக வருகிறவர்கள். அவர்களோ இப்போது ஞாயிற்றுக்கிழமை ஏறப் பயப்படுகிறார்கள்.

வெளியூர்ப் பையன்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதி உண்மை. எனக்கு அதிகம் உறுத்துவது எங்கள் பையன்கள். இந்த ரோட்டின் மரியாதையைத் தாய்ப்பாலோடு கற்றவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்த பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை சத்தத்தைப் பார்த்துப் பார்த்து, திங்கட்கிழமை அதே மாதிரி சாய்த்துத் திருப்புகிறார்கள். ஹெல்மெட் இல்லை, ஜாக்கெட் இல்லை. வெளியூர்க்காரன் போட்டிருக்கிற கையுறையின் விலைக்கு இவன் ஒரு மாசம் வேலை செய்ய வேண்டும். என் அக்கா மகன் ஒருத்தன் அப்படி இருக்கிறான். கீழே ஒர்க்ஷாப்பில் வேலை பழகுகிறான், கையில் நல்ல தொழில் இருக்கிறது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். போன மாசம் அவன் எடுத்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

திட்டிப் பார்த்தாயிற்று, சாவியைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. "மாமா, நீங்க நெஜ ரேஸ் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான். சித்தப்பா சொன்ன சோழவரத்தைச் சொன்னேன். கரிவரதன் மாருதி எஞ்சினைப் பிரித்துக் கார் கட்டியதைச் சொன்னபோதுதான் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அந்த வண்டிக்குக் கியர்பாக்ஸ் எதுங்க மாமா?" என்றான். நேரில் போய் மெக்கானிக்குகளிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். செட்டிபாளையத்தில் அடுத்த பந்தயம் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தேதி தெரிந்ததும் இரண்டு பேரும் போகிறோம். பஸ்ஸில்தான்.